சென்னைக் கடலோரம்: மெரினாவோடு நிறுத்துவதா, வடக்கிலிருந்து தொடங்குவதா?

கொங்குக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மாசிக் கடைசியில் அப்பா, அம்மா, பத்து வயது மகள் மூவரையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குவோம், ஞாயிறு இரவு ரயில். இந்த முறை கடலோரம் மட்டும்தான் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

அப்பா வேலைக்காலம் முழுக்கத் துணி பேல்களை லாரியில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பியவர். ஆனால் ஒரு கப்பலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்குக் கப்பல் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் ரொம்ப தூரம் நடக்க முடியாது. கோயில், மாதா கோயில் எல்லாம் போவார். மகளுக்குக் கடலாமை. எங்கே தேடினாலும் மெரினா, பெசன்ட் நகர், மாமல்லபுரம் என்று அதே மூன்று பெயர்தான் வருகிறது. அந்த ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சேப்பாக்கம்_செல்வம் எழுதியது:

வாங்க, வாங்க. மெரினா எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதாலேயே அதைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் ரோட்டில் இறங்கியதும் நேரே தண்ணீரைப் பார்த்து நடந்துவிடுகிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருமுறை மேற்கே பாருங்கள். சேப்பாக்கம் அரண்மனை, ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் சிசம் கட்டி 1879இல் முடித்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, இன்னும் தெற்கே வந்தால் ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த இடம் அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், அதனால் இன்று விவேகானந்தர் இல்லம். உங்கள் அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய வரிசை இது. உழைப்பாளர் சிலையை மகளுக்குக் காட்டுங்கள், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிற அந்த உடம்புகளைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முழங்கால் வலி என்றால் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பலகை நடைபாதை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் போட்டார்கள். சக்கர நாற்காலியே தண்ணீர் அருகில் போகும். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதை உடைத்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள்.

வயதானவர்களை வைத்துக்கொண்டு வடசென்னைப் பக்கம் அலைய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. லாரி நெரிசல், நாற்றம், உட்கார இடம் கிடையாது.

காசிமேட்டான் எழுதியது:

செல்வம் அண்ணே, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கடைசி வரியை ஏற்க முடியாது. கப்பல் பார்க்க ஆசைப்படுகிற ஒரு பெரியவரை மெரினாவில் உட்காரவைத்துச் சுண்டல் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாமா? துறைமுகம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகமும் இங்கேதான். நீங்கள் உட்காரும் அந்த மணலே எங்கள் கரைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

ஈரோட்டு அண்ணா, விடியுமுன்னே காசிமேட்டுக்கு வாருங்கள். விசைப்படகு வந்து மீன் இறங்குவது, ஏலம் கூவுவது, ஐஸ் உடைத்துக் கொட்டுவது, பெண்கள் கூடையோடு பேரம் பேசுவது எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, எறா என்று உங்கள் மகள் மீன்கடையில் பார்க்காததெல்லாம் இங்கே குவியலாகக் கிடக்கும். தரை முழுக்க ஈரம். அதனால் அம்மாவை உள்ளே கூட்டி வராமல் வண்டியிலேயே உட்காரவைப்பது நல்லது. இதை நானே சொல்கிறேன்.

கொங்குக்காற்று எழுதியது:

அண்ணா, மெரினா மணல் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது என்கிறீர்களே, அது எப்படி?

கோட்டைவாசல் எழுதியது:

இதை நான் சொல்கிறேன், காசிமேட்டுத் தம்பி திருத்தட்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இடம் வாங்கி அடுத்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பியபோது இது வெறும் திறந்த கரை. இருநூறு ஆண்டுக்கு மேல் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்திருந்தால் அந்த அலையடியில் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். துடுப்புப் போட்டவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள்.

1876இல் கடலுக்குள் இரண்டு கைபோலக் கல்சுவர் நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் எதிர்த்திசை. மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்கே தேங்கியது. முன்பு இன்றைய காமராஜர் சாலைக்குப் பக்கத்தில் இருந்த கடல் விலகிக்கொண்டே போய், சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் மணல்வெளி வந்துவிட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். துறைமுகத்துக்கு வடக்கேயோ புது மணல் வரவில்லை, இருந்ததைக் கடல் எடுத்துக்கொண்டது.

காசிமேட்டான் எழுதியது:

திருத்த ஒன்றுமில்லை ஐயா. தெற்கிலிருந்து ஓடும் நீரைத் தெண்டி என்போம், வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்போம். தெண்டி கொண்டுவரும் மண்ணைத் துறைமுகம் பிடித்துக்கொள்கிறது. எங்களுக்கு வருவது தண்ணீர் மட்டும்தான். என் தாத்தா வலை உலர்த்திய இடம் இன்று கடலுக்குள் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ரோட்டோரம் நீங்கள் பார்க்கப்போவது மணல் இல்லை, கருங்கல் குவியல். நடுநடுவே கடலுக்குள் நீட்டிய கல் சுவர்கள். அவற்றால் சில இடத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது.

அதனால்தான் வடக்கை முதலில் பாருங்கள் என்கிறேன். கல்லைப் பார்த்துவிட்டு அதே நாள் மாலை மெரினா மணலில் நில்லுங்கள். இரண்டும் சேர்ந்துதான் இந்த ஊர்க் கடற்கரை.

சேப்பாக்கம்_செல்வம் எழுதியது:

தம்பி, அந்தக் கோணம் சரிதான். நெரிசலைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பகலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முழங்கால் வலிக்காரரை உட்காரவைப்பது பாவம். காலை ஏழரைக்குள் அந்தப் பக்கம் முடித்துவிட வேண்டும்.

காசிமேட்டான் எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே.

பறக்கும்ரயில்_பயணி எழுதியது:

காசிமேட்டிலிருந்து திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். 1856இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. முகப்புத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே அவசரமில்லாத ஒரு சின்ன நிலையம். சரக்கு அனுப்பிய உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் இடையில் இந்தப் பேட்டைகள் எப்படி வளர்ந்தன என்பது அங்கே நின்றாலே விளங்கும்.

பிறகு கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவானது. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் வகைகள், வாழைத்தண்டு சூப். கடல் தாண்டிப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து பறக்கும் ரயில் பிடித்தால் கலங்கரை விளக்கம், திருமயிலை, திருவான்மியூர் எல்லாம் ஒரே பாதை. கோட்டூர்புரம் பக்கம் அடையாற்றைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருங்கள்.

திருவான்மியூர்_தேவி எழுதியது:

ரயில் யோசனை நல்லது. ஆனால் அந்த நிலையங்களில் ஏறி இறங்கும் உயரம் அதிகம், லிஃப்டும் எஸ்கலேட்டரும் எப்போதும் ஓடும் என்று நம்ப முடியாது. அம்மாவுக்கு ஆட்டோ அல்லது கார்தான். அப்பாவும் மகளும் வேண்டுமானால் ரயிலில் வரட்டும்.

ஆமை விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இது நெஞ்சுக்கு நெருக்கமானது. இங்கே கரையேறுவது பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிட வரும். 1988இலிருந்து மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைக் குழிகளைக் கண்டுபிடித்து எடுத்துக் காப்பகத்தில் புதைக்கிறது. பருவத்தில் வார இறுதிகளில் பொதுமக்களும் பதிவுசெய்துகொண்டு கூட நடக்கலாம். நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி விடிகாலை வரை போகும். ஆமை வரும் என்ற உறுதி கிடையாது. பெற்றோரை விட்டுவிட்டு நீங்களும் மகளும் மட்டும் போங்கள். சிறுவர்களுக்கு வயது வரம்பு இருக்கிறதா என்று பதிவின்போதே கேளுங்கள். டார்ச், செல்போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

முட்டைகளை ஏன் எடுத்து வைக்கிறார்கள் என்று மகள் கேட்பாள். குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் அதிகமான பக்கம் நகரும். மின்விளக்கு இல்லாத காலத்தில் அது கடலின் பக்கம். இப்போது தெருவிளக்கு அதைச் சாலைப் பக்கம் இழுக்கிறது. குஞ்சு பொரிய நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும். ஜனவரியில் இட்ட முட்டை நீங்கள் வரும் சமயம் பொரியத் தொடங்கலாம். மாலையில் பெசன்ட் நகர்க் காப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் கிடைத்தால் அம்மாவும் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டும், இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். செத்த ஆமையை வழியில் பார்க்க நேரலாம், மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காசிமேட்டான் எழுதியது:

தேவி அக்கா, விசைப்படகைக் கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் ஓட்டக்கூடாது என்பதே சட்டம். அதை மீறுகிற படகால் ஆமை மட்டும் சாகவில்லை, கட்டுமரமும் ஃபைபர் படகும் வைத்திருக்கிறவன் வலையும் கிழிகிறது. சின்னப் படகுக்காரர்களும் இதே விதியைக் காக்கச் சொல்லித்தான் கத்துகிறோம்.

திருவான்மியூர்_தேவி எழுதியது:

தெரியும் தம்பி. இரவு நடக்கும்போது எங்களுக்கு வழிகாட்டுவதே குப்பத்து ஆட்கள்தான்.

எண்ணூர்_அலை எழுதியது:

வடக்கு என்றால் காசிமேட்டோடு நின்றுவிடுகிறீர்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம், வடிவுடையம்மன் சந்நிதி. பக்கத்திலேயே கடலை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி. விமான நிலையத்திலிருந்து வரும் மெட்ரோ நீலப் பாதை திருவொற்றியூர் வழியாகத்தான் விம்கோ நகருக்குப் போகிறது, அந்த நிலையங்களில் லிஃப்ட் உண்டு.

எங்கள் எண்ணூர் முகத்துவாரம் ஒரு காலத்தில் படகுச் சவாரிக்குப் பேர்போன இடம். இன்று அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழி மேடாகியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்தி எல்லாவற்றிலும் ஒட்டியது. கையால் தடவி எறா பிடிக்கும் இருளர்கள் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டியிருந்தது. சின்னக் குழந்தையோடு வருகிறவர்களை அங்கே கூப்பிட மாட்டேன். ஆனால் ‘சென்னைக் கடற்கரை’ என்று எழுதும்போது இது இல்லாத மாதிரி எழுதுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், ஏரியில் பூநாரைகள். மாசியில் பறவைகள் இருக்கும்.

கொங்குக்காற்று எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் பட்டினத்தார் சமாதி என்று சொன்னதும் அதை முதலில் போடு என்றுவிட்டார். அப்பாவின் கப்பலுக்கு இன்னும் பதில் வரவில்லையே? துறைமுகத்துக்குள் விடுவார்களா?

கோட்டைவாசல் எழுதியது:

துறைமுகத்துக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் விட மாட்டார்கள். கப்பலைப் பார்க்க நல்ல இடம் மெரினாவின் தென்கோடியில் இருக்கும் கலங்கரை விளக்கம். லிஃப்ட் உண்டு. மேலே நின்றால் வடக்கே துறைமுகச் சுவர், வெளியே நங்கூரத்தில் முறைக்குக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள், கீழே மெரினாவின் முழு வளைவு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் மணல் கணக்கு அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். திங்கள் விடுமுறை, மதியமும் சிறிது நேரம் மூடுவார்கள். அந்தப் பக்கம் மெட்ரோ வேலை வேறு நடக்கிறது. கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க் கலங்கரை விளக்கங்களை வரிசையாகப் பார்ப்பதே ஒரு பயணம். முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் எரிந்தது. 1844இல் உயர்நீதிமன்ற வளாகத்துக் கல்தூணுக்கு மாறியது. 1894இல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்குப் போனது. 1977இல் மெரினாவுக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது அல்லவா, குண்டு விழுந்த இடத்துக்கு நினைவுக் கல் உயர்நீதிமன்றச் சுவரில் இருக்கிறது.

கோட்டைக்கு அடையாள அட்டை கொண்டுபோங்கள், தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. 1680இல் திறந்த புனித மேரி தேவாலயம், பிறகு அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதைக் கணக்கில் வையுங்கள்.

மயிலைக்காரி எழுதியது:

சாந்தோமை யாரும் சொல்லவில்லையே. புனித தோமையார் கல்லறை மேல் எழுந்த பேராலயம். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டியது போய், இப்போது நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. பின்பக்கம் கடலை நோக்கி ஒரு கம்பம் நிற்கும். கடல் அதைத் தாண்டாது என்பது இங்கத்து நம்பிக்கை. 2004 சுனாமியில் ஆலயத்துக்குள் தண்ணீர் வராததற்கும் அந்தக் கம்பத்தைத்தான் சொல்வார்கள்.

அம்மா கபாலீசுவரர் கோயிலுக்கும் வருவார் என்றால் இதைச் சொல்லுங்கள். சம்பந்தரின் மயிலைப் பதிகத்தில் மாசிக் கடலாட்டு வருகிறது. பழைய கோயில் கடற்கரையிலேயே இருந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்து, உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி கடலுக்குப் போகிறார். உங்கள் தேதியில் மகம் விழுகிறதா என்று பஞ்சாங்கத்தைப் பாருங்கள். விழுந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அன்று கடற்கரைக்கு வந்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு, கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே கடலோரம் ஓடும் லூப் ரோடு. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2023இல் அந்தக் கடைகளை அகற்றப் பார்த்தபோது மீனவர்கள் நடுரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் மாநகராட்சி அங்காடி திறந்தது. பொரித்த மீன் கடைகள் பக்கத்திலேயே உண்டு.

சேப்பாக்கம்_செல்வம் எழுதியது:

முக்கியமானது ஒன்று: மெரினாவில் மகளைக் கடலில் இறக்காதீர்கள். கால் நனைப்பதோடு சரி. கரையை விட்டுச் சில அடியிலேயே ஆழம் இறங்கும், திரும்பும் அலை இழுக்கும். ஒவ்வோர் ஆண்டும் இங்கே பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். பெசன்ட் நகரில் இருக்கும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபமே 1930இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியதுதான்.

கொங்குக்காற்று எழுதியது:

இப்படி வைத்திருக்கிறேன். வெள்ளி: மெட்ரோவில் திருவொற்றியூர் கோயில், பட்டினத்தார். மதியம் ஓய்வு. மாலை பெசன்ட் நகர், ஆமைக்குஞ்சு விட்டால் பார்ப்பது. சனி: விடியுமுன் காசிமேடு, ராயபுரம் நிலையம், பிறகு கோட்டை, அருங்காட்சியகம். மாலை கலங்கரை விளக்கம், மெரினா மரப்பாதை. இரவு நானும் மகளும் ஆமை நடை. ஞாயிறு: தாமதமாக எழுந்து சாந்தோம், மயிலாப்பூர், மாலை பர்மா பஜார் வழியாக ரயிலுக்கு. அடையாற்றின் உடைந்த பாலத்துக்கு மகள் ஆசைப்படுகிறாள், போகலாமா? மாமல்லபுரத்தை விட்டுவிட்டேன், பரவாயில்லையா?

திருவான்மியூர்_தேவி எழுதியது:

சனி விடியற்காலை எழுந்து, அன்றே இரவு முழுக்க நடந்தால் பத்து வயதுப் பெண் தாங்க மாட்டாள். ஆமை நடையை வெள்ளி இரவுக்கும் வைக்க முடியாது, மறுநாள் காசிமேடு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் என்றால் காசிமேட்டை அப்பாவுக்கு வைத்து, ஆமைக்குக் குஞ்சு விடுவதோடு நிறுத்திக்கொள்வேன். நடைக்கு அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் வரட்டும்.

உடைந்த பாலம் 1977இல் வெள்ளத்தில் இடிந்தது, விளிம்பில் தடுப்பு எதுவும் கிடையாது. வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். மாமல்லபுரத்துக்குத் தனியாக ஒரு நாள் தர வேண்டும், விட்டது சரி.

காசிமேட்டான் எழுதியது:

சனிக்கிழமைதான் சரி, ஞாயிறு கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. வழுக்காத செருப்புப் போட்டு வாருங்கள். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் நின்று படம் எடுக்காதீர்கள், கூடை தூக்குகிறவர்களுக்கு வழி விடுங்கள். பெண்களிடம் கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மாசியில் வருவதால் நல்லதாயிற்று. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது.

அப்பாவுக்கு மீன் ஏலத்தைவிடப் பெரிய கப்பல்தான் முக்கியம் என்றால், ஏலம் முடிந்ததும் தெற்கே திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். துறைமுகத்துக் கிரேன்கள் அங்கிருந்தே தெரியும்.

கொங்குக்காற்று எழுதியது:

சரி அண்ணா, சனி காலை நாலரைக்கு வண்டி சொல்லிவிட்டேன். ஆமை நடையை எடுத்துவிட்டேன் தேவி அக்கா, மகள் கொஞ்சம் அழுதாள். பங்குனியில் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு குஞ்சு விடுகிற சமயம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்போது எந்த வாரம் நல்லது என்று காப்பகத்தில் கேட்டு இங்கே எழுத முடியுமா?